சீருடைக்காரர்களும் சம்பள மேசையும்

1988இல் அயர்லாந்தின் ராணுவ முகாம் வாசல்களில் பெண்கள் பதாகை பிடித்து நின்றார்கள். படைவீரர்களின் மனைவிகள் அவர்கள். கணவன் கொண்டுவரும் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியவில்லை, இரவுக் காவலுக்கும் எல்லைப் பணிக்கும் தரப்படும் படி அற்பமாக இருக்கிறது என்பதே அவர்கள் முறையீடு. இதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் முகாமுக்குள் இருந்தார்கள். ராணுவச் சட்டமும் அதன்கீழ் வந்த ஒழுங்குவிதிகளும் அவர்கள் வாயைக் கட்டிவைத்திருந்தன. சங்கம் சேர முடியாது, கூட்டாக மனுக் கொடுக்க முடியாது, பத்திரிகையாளரிடம் பேச முடியாது. மனைவிகள் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. அதனால் ராணுவத்தினர் மனைவியர் தேசியச் சங்கம் பிறந்தது. 1989 ஜூனில் பொதுத்தேர்தல் வந்தபோது படைவீரர் மனைவிகளில் சிலர் வேட்பாளர்களாகவே களத்தில் இறங்கினார்கள்.

தேர்தலில் அவர்கள் வெல்லவில்லை. ஆனால் படைவீரர் சம்பளம் தேர்தல் மேடைகளுக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு அரசு டெர்மட் கிளீசன் என்ற வழக்கறிஞரின் தலைமையில் ஊதிய, பணிநிலை ஆணையம் ஒன்றை அமைத்தது. 1990இல் அதன் அறிக்கை வந்தது. பாதுகாப்புச் சட்டத்துக்கான 1990ஆம் ஆண்டுத் திருத்தமும் நிறைவேறியது. அயர்லாந்துப் படையினர் தங்களுக்கென்று பிரதிநிதிச் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தத் திருத்தம் முதன்முறையாக அனுமதித்தது. அடுத்த ஆண்டிலேயே இரண்டு சங்கங்கள் இயங்கத் தொடங்கின. அதிகாரிகளுக்கு ராக்கோ, அதிகாரிப் பதவிக்குக் கீழுள்ள வீரர்களுக்கும் கடற்படையினருக்கும் விமானப் பிரிவினருக்கும் பி.டி.ஃபோரா.

அந்தத் திருத்தத்துக்குள்ளேயே இருந்த ஒரு நிபந்தனைதான் இக்கட்டுரையின் பொருள். இச்சங்கங்கள் எந்தத் தொழிற்சங்கத்தோடும், வேறெந்தப் பிரதிநிதி அமைப்போடும், அமைச்சரின் சம்மதமின்றி இணையக்கூடாது என்றது சட்டம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு அந்தச் சம்மதம் வரவில்லை. படைவீரர்களுக்குப் பேசும் உரிமை கிடைத்தது. அந்தப் பேச்சு எங்கே எடுபடுமோ அந்த அறைக்குள் நுழையும் உரிமை கிடைக்கவில்லை.

அந்த அறை எது என்பது புரிய அயர்லாந்தில் சம்பளம் முடிவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். 1987இல் அங்கே சமூகப் பங்காளி முறை என்றொரு ஏற்பாடு தொடங்கியது. அரசு, முதலாளிகள், விவசாய அமைப்புகள், அயர்லாந்து தொழிற்சங்கக் காங்கிரஸ் ஆகிய தரப்புகள் ஒன்றாக அமர்ந்து, சில ஆண்டுகளுக்கான ஊதிய உயர்வை ஒரே ஒப்பந்தத்தில் தீர்மானிப்பார்கள். வரி, சமூகநலச் செலவு போன்றவையும் அதிலேயே பேசப்பட்டன. பொருளாதார வீழ்ச்சியில் 2009இல் அந்த முறை சரிந்த பிறகும் அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை பழக்கம் மாறவில்லை. 2010இல் குரோக் பார்க் ஒப்பந்தம், 2013இல் ஹாடிங்டன் ரோடு, 2015இல் லேன்ஸ்டவுன் ரோடு என்று ஒப்பந்தங்கள் வரிசையாக வந்தன. ஆசிரியர், செவிலியர், எழுத்தர் என அரசுச் சம்பளம் வாங்கும் எல்லாருக்கும் அவற்றில்தான் விதி எழுதப்பட்டது. அரசின் எதிரில் அமர்ந்து பேசிய முதன்மைத் தரப்பு தொழிற்சங்கக் காங்கிரஸின் பொதுத்துறைக் குழு.

ராணுவச் சங்கங்கள் அந்தக் குழுவில் இல்லை. அவற்றுக்கு இணைப் பேச்சு என்ற பெயரில் வேறோர் அறை ஒதுக்கப்பட்டது. பெரிய அறையில் தொகையும் கொள்கையும் முடிவான பிறகு, ராணுவத்துக்குரிய சிறு விவரங்களைப் பற்றிப் பேச அங்கே இடமிருந்தது. படையினருக்கென்று சமரச, நடுவர் திட்டம் ஒன்றும் இயங்கியது. படிகள், பணிநிலைக் குறைகள் போன்றவற்றை அதில் எழுப்பலாம். நாட்டின் மொத்த ஊதிய உறையை அந்தத் திட்டத்தால் தொட முடியாது. 2010 ஜனவரி முதல் அரசு ஊழியர் சம்பளம் வெட்டப்பட்டபோது, முதல் 30,000 யூரோவுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் படிப்படியாக அதிகம் என்ற வெட்டு படைவீரனுக்கும் விழுந்தது. மற்ற ஊழியர்களின் சங்கங்கள் அந்த வெட்டை எதிர்த்து நின்ற களத்தில் படைவீரனின் சங்கம் இல்லை. 2012இல் குளோன்மெல், காவன், மல்லிங்கர், காசில்பார் ஊர்களிலிருந்த முகாம்கள் மூடப்பட்டன. குடும்பம் ஓர் ஊரிலும் பணி தொலைவிலுள்ள வேறோர் ஊரிலுமாகப் பலருக்கு வாழ்க்கை பிரிந்தது.

தொழிற்சங்கக் காங்கிரஸோடு இணைவதற்கான தடைக்கு அரசு சொன்ன காரணங்களை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அயர்லாந்து அரசின் அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. விடுதலையும் உள்நாட்டுப் போரும் முடிந்த கையோடு, 1924 மார்ச்சில், புதிய அரசின் சொந்தப் படையிலேயே கலகம் மூண்டது. உள்நாட்டுப் போரின்போது ஊதிப் பெருகியிருந்த படையை அமைதிக்காலத்துக்கேற்ப வெகுவாகக் குறைக்க அரசு முடிவெடுத்திருந்தது. வேலை போகும் என்ற கோபமும், குடியரசு என்ற இலக்கை அரசு கைவிட்டுவிட்டது என்ற குற்றச்சாட்டும் சேர்ந்து, ஒரு பகுதி அதிகாரிகள் அரசுக்கு இறுதி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இரத்தம் சிந்தாமல் அது அடக்கப்பட்டது. ஆயுதம் வைத்திருப்பவன் சம்பளக் கோரிக்கையோடு வந்தால் அது எங்கே போய் முடியும் என்ற கேள்வி மட்டும் அந்த அரசின் மனத்தில் தங்கிவிட்டது. பிரிட்டிஷ் ராணுவச் சட்ட மரபிலிருந்து வந்த ஒழுங்குவிதிகள் அந்த அச்சத்துக்குத் தயாரான வடிவத்தைக் கொடுத்தன.

இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. தனிப்பட்ட முறையில் நான் இதைத்தான் வலுவான வாதமாகக் கருதுகிறேன். அயர்லாந்தில் அத்தியாவசியச் சேவைகள் வேலைநிறுத்தத்தால் முடங்கினால் அரசு ராணுவத்தை அழைக்கும். டப்ளினில் பேருந்துத் தொழிலாளர் வேலைநிறுத்தங்களின்போது ராணுவ லாரிகள் பயணிகளை ஏற்றிச் சென்றிருக்கின்றன. தொழிற்சங்கக் காங்கிரஸோ, ஒரு சங்கம் முழு மறியல் அறிவிக்க அனுமதி பெற்றால் இணைந்துள்ள மற்றச் சங்கத்தினரும் அந்த மறியலைத் தாண்டக்கூடாது என்ற நெறியைக் கொண்டது. அப்படியானால் காங்கிரஸில் உறுப்பினரான ஒரு ராணுவச் சங்கத்தின் வீரன் மறியல் நடக்கும் பணிமனைக்குள் லாரியை ஓட்டுவானா, நிறுத்துவானா? யாருடைய கட்டளை அவனுக்கு மேலானது? இரண்டு விசுவாசங்களுக்கு நடுவே வீரனை நிறுத்தக்கூடாது என்றது பாதுகாப்புத் துறை.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வேலையை அயர்லாந்து தானாகச் செய்யவில்லை. வெளியிலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

1972இல் மேற்கு ஜெர்மனியின் பெர்கிஷ் கிளாட்பாக் நகரில் யூரோமில் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகளின் ராணுவச் சங்கங்களும் படைவீரர் தொழிற்சங்கங்களும் சேர்ந்த கூட்டமைப்பு அது. பி.டி.ஃபோரா அதில் உறுப்பு. 2014 நவம்பரில் யூரோமில் அயர்லாந்துமீது ஐரோப்பியச் சமூக உரிமைகள் குழுவிடம் ஒரு கூட்டு முறையீடு கொடுத்தது. அதன் எண் 112/2014. ஐரோப்பியச் சமூக சாசனத்தின் 5ஆம் பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையையும் 6ஆம் பிரிவு கூட்டுப் பேர உரிமையையும் வேலைநிறுத்த உரிமையையும் பேசுகின்றன. அயர்லாந்து 2000இல் திருத்திய சாசனத்தையும் கூட்டு முறையீட்டு நடைமுறையையும் ஏற்றுக்கொண்ட நாடு. எனவே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

யூரோமில்லுக்கு முன்னால் பாதை போட்டவர்கள் காவல்துறையினர். ஐரோப்பியக் காவல் கூட்டமைப்பு சமூக உரிமைகள் குழுவிடம் 2012இல் அயர்லாந்துமீது முறையிட்டிருந்தது. அந்நாட்டுக் காவலர் சங்கங்களும் தொழிற்சங்கக் காங்கிரஸில் சேர முடியாதபடி தடுக்கப்பட்டிருந்தன. 2013 டிசம்பரில் குழு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2016 நவம்பரில் அயர்லாந்துக் காவலர்கள் வேலைநிறுத்தத்தின் விளிம்புவரை போய், தொழிலாளர் நீதிமன்றத்தின் கடைசி நேரப் பரிந்துரையால் திரும்பினார்கள். 2019இல் நாட்டின் வழக்கமான தொழில் தகராறு மன்றங்களின் கதவு அவர்களுக்குச் சட்டப்படி திறந்தது. ராணுவத்தினர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராணுவத்தினர் விஷயத்தில் குழுவின் தீர்ப்பு 2017 செப்டம்பர் 12 அன்று முடிவாகி, 2018 பிப்ரவரியில் வெளியானது. அது நான்கு கேள்விகளை நான்காகவே எடுத்துக்கொண்டு தனித்தனியாக விடை சொன்னது. தீர்ப்பின் சிறப்பே அதுதான். படைவீரர்கள் தனித்தனியாகப் பொதுத் தொழிற்சங்கங்களில் சேர முடியாதபடி தடுப்பது சாசன மீறலா? இல்லை. அவர்களின் சங்கங்கள் தேசியத் தொழிலாளர் அமைப்புடன் இணைய முடியாதபடி தடுப்பது? மீறல். கூட்டுப் பேரத்தில் அவர்களுக்கு இருக்கும் வழிகள் போதுமானவையா? போதாது, மீறல். வேலைநிறுத்தத் தடை? மீறல் இல்லை; ராணுவப் பணியின் தன்மை அந்தத் தடையை நியாயப்படுத்துகிறது.

விவாதம் பல ஆண்டுகளாகக் குழம்பிக் கிடந்த இடம் இதனால் தெளிவாகிறது. ராணுவத்தில் சங்கம் என்றவுடன் எல்லாரும் வேலைநிறுத்தத்தை நினைத்துப் பயந்தார்கள். அந்தப் பயத்தைக் காரணம் காட்டியே கூட்டமைப்பில் சேரும் உரிமையும் மறுக்கப்பட்டது. வேலைநிறுத்தத்தைத் தனியே தடைசெய்ய முடியும், பி.டி.ஃபோரா அந்த உரிமையைக் கேட்கவும் இல்லை. மறியலைத் தாண்டுவதா என்ற கேள்விக்கும் இணைவு நிபந்தனைகளில் வழி இருக்கிறது. காங்கிரஸின் மறியல் அறிவிப்பு எங்கள் உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு சங்கம் எழுதிக்கொடுத்துச் சேரலாம். காங்கிரஸும் அதை ஏற்றுக்கொள்ளலாம். அவ்வளவு எளிய வழி இருக்கையில் இணைவை முழுக்கத் தடைசெய்தது தேவைக்கு மிஞ்சிய செயல். குழு அளந்து பார்த்தது இந்த மிகையைத்தான்.

இத்தீர்ப்பின் எடை புரிய மற்ற ஐரோப்பிய நாடுகளைப் பார்க்க வேண்டும். பிரான்சில் ராணுவத்தினர் தொழில்சார் சங்கம் அமைப்பதற்கே தடை இருந்தது. ஜாண்டார்மரி என்ற ராணுவத் தகுதிபெற்ற காவல் படையின் அதிகாரி ஒருவரும், ராணுவத்தினர் உரிமைக்கான ஒரு சங்கமும் தனித்தனியே தொடுத்த வழக்குகளில், 2014 அக்டோபர் 2 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சங்க உரிமைமீது கட்டுப்பாடு வைக்கலாம், அதன் உயிரையே எடுத்துவிடக் கூடாது என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். பிரான்ஸ் 2015 ஜூலையில் சட்டம் செய்து படையினருக்கான தேசியத் தொழில்சார் சங்கங்களை அனுமதித்தது. அவை தங்களுக்குள் மட்டுமே கூட்டுச் சேரலாம் என்ற வேலியையும் அந்தச் சட்டம் போட்டது. இத்தாலியில் 2018இல் அரசியல்சாசன நீதிமன்றம் படையினர் தொழிற்சங்கத் தன்மையுள்ள சங்கம் வைக்கலாம் என்றது. படைக்கு வெளியே உள்ள சங்கங்களில் சேருவதற்கான தடையை நீக்கவில்லை. அங்கே 2022இல் வந்த சட்டம் அந்த எல்லைக்குள்ளேயே எழுதப்பட்டது. ஆக, சங்கம் உண்டு, வெளியுலகத் தொடர்பு இல்லை என்பதே பல அரசுகள் வந்து நின்ற சமரசம். அயர்லாந்து 1990லேயே அங்கே வந்து நின்றுவிட்டது. அந்தச் சமரசம் போதாது என்று எழுத்தில் சொன்னது 2017 தீர்ப்பு.

வடக்கே போனால் நிலைமை வேறு. டென்மார்க், சுவீடன், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் படையினரின் சங்கங்கள் தேசியத் தொழிற்சங்க அமைப்புகளோடு சேர்ந்தே இயங்குகின்றன. நெதர்லாந்தில் 1966இல் கட்டாயப் பணிக்கு வந்த இளைஞர்களே தங்களுக்கொரு சங்கம் கட்டினார்கள். முடி வெட்டும் விதி, ஓய்வு நேரத்தில் சல்யூட் வைக்கும் கட்டாயம் போன்றவற்றை எதிர்த்து வென்றார்கள். நீண்ட முடியோடு நின்ற டச்சு வீரர்களின் படங்களைப் பார்த்த மற்ற நேட்டோ நாட்டுத் தளபதிகள் முகம் சுளித்தார்கள். பின்னாளில் அதே நாட்டின் தொழில்முறைப் படை, அதன் சங்கம் நாட்டின் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பில் அங்கமாக இருந்த நிலையிலேயே, 2006 முதல் 2010 வரை ஆப்கானிஸ்தானின் உருஸ்கானில் பணியாற்றியது. ஹெல்மந்தில் போரிட்ட டென்மார்க், மக்கள்தொகை விகிதத்தில் ஆப்கன் போரில் மிக அதிக உயிரிழப்பைச் சந்தித்த நாடுகளில் ஒன்று. அந்த வீரர்களுக்கும் சங்கம் இருந்தது. சங்கம் வந்தால் போர்க்குணம் போய்விடும் என்பவர்கள் இந்த இரண்டு படைகளையும் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

ஜெர்மனி இந்தப் பாடத்தைச் சுலபமாகக் கற்கவில்லை. புதிய ராணுவம் தொடங்கிய சில மாதங்களிலேயே, 1956இல், படையினர் சங்கம் ஒன்று அங்கே தோன்றியது. சீருடை அணிந்த குடிமகன் என்பது அந்த ராணுவத்தின் அடிப்படைக் கருத்து. ஹிட்லரின் படை செய்ததை மீண்டும் செய்யாத வீரன் வேண்டுமென்றால் அவனைக் குடிமகனாகவே வைத்திருக்க வேண்டும் என்று அதன் நிறுவனர்கள் நம்பினார்கள். ஆனால் 1966இல் பொதுத்துறைத் தொழிற்சங்கம் முகாம்களுக்குள் செயல்படலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் ஆணை பிறப்பித்தபோது, ராணுவத்தின் மிக உயர்ந்த பதவியிலிருந்த ஜெனரல் ஹைன்ஸ் டிரெட்னர் பதவி விலகினார். ஆணை நின்றது, ஜெனரல் போனார். முகாம்களில் குழப்பம் எதுவும் வரவில்லை.

அட்லாண்டிக்குக்கு அப்பால் கதை நேரெதிராகப் போனது. 1976இல் அமெரிக்க மத்திய அரசு ஊழியர் சங்கம் படையினரையும் உறுப்பினராகச் சேர்க்கத் தன் விதிகளைத் திருத்தியது. மறு ஆண்டு அதன் உறுப்பினர்களே வாக்கெடுப்பில் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். நாடாளுமன்றம் அத்துடன் விடவில்லை. 1978இல் படையினர் தொழிற்சங்கத்தைக் குற்றமாக்கி, 5 ஆண்டுவரை சிறை என்று சட்டம் எழுதியது.

படையினர் சங்கத்தால் ஆபத்தில்லை என்ற வாதத்துக்கு எதிராக யாராவது நேர்மையாக ஓர் உதாரணம் காட்ட விரும்பினால் தென்னாப்பிரிக்காவைத்தான் காட்ட வேண்டும். நிறவெறி ஆட்சிக் காலத்துப் பாதுகாப்புச் சட்டம் படையினரைத் தொழிற்சங்கத்திலும் பொதுப் போராட்டத்திலும் சேரவிடாமல் தடுத்தது. 1999 மே 26 அன்று அரசியல்சாசன நீதிமன்றம், நீதிபதி கேட் ஓரீகன் எழுதிய தீர்ப்பில், அந்தத் தடையை ரத்துசெய்தது. பத்து ஆண்டு கழித்து, 2009 ஆகஸ்ட் 26 அன்று, பிரிட்டோரியாவில் அரசின் தலைமையகமான யூனியன் கட்டடத்தை நோக்கிச் சம்பள உயர்வு கேட்டுப் படைவீரர்கள் பேரணி போனார்கள். நீதிமன்றத் தடை இருந்தும் போனார்கள். காவல்துறை கண்ணீர்ப்புகையும் ரப்பர் குண்டும் பயன்படுத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குப் பணிநீக்க அறிவிப்பு போனது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன.

அந்தக் காட்சியைப் பார்த்து எந்த அரசும் கலங்கும். ஆனால் அங்கே நடந்தது என்ன? பேரச் சபை என்ற ஏற்பாடு காகிதத்தில் இருந்தது. ராணுவத் தலைமைக்கும் சங்கத்துக்கும் இடையிலான தகராறுகள் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில்தான் கழிந்தன. சம்பளம் தேங்கிக் கிடந்தது. சங்கம் இருந்ததால் வீரர்கள் தெருவுக்கு வந்தார்கள் என்று சொல்வதைவிட, சங்கம் பேசிப் பலன் காணாததால் வந்தார்கள் என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நீதிமன்றத் தடையை மீறியதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயுதப் படையில் கட்டளைக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்படிதல் என்பது பேரம் பேசக்கூடிய பொருளல்ல. அதனாலேயே அதற்கு முந்திய கட்டத்தில் பேச்சுக்கு உண்மையான வழி இருந்தாக வேண்டும்.

அயர்லாந்திலேயே இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1990களில் அந்நாட்டுப் படையினர் கேட்கும் திறன் இழந்ததாக அரசுமீது வழக்குத் தொடுக்கத் தொடங்கினார்கள். பல பத்தாண்டுகளாகத் துப்பாக்கிச் சுடு பயிற்சியின்போது தகுந்த காதுக் காப்பு தரப்படவில்லை. வழக்குகள் ஏறத்தாழ 17,000 ஆகி, அரசுக்கு ஆன செலவு ஏறக்குறைய 30 கோடி யூரோவை எட்டியது. பத்திரிகைகளில் சிலர் வீரர்களைப் பேராசைக்காரர்கள் என்று பழித்தார்கள். ஒரு வீரன் தன் காதில் ஓயாமல் இரைச்சல் கேட்கிறது என்று 1970இல் யாரிடம் சொல்லியிருக்க முடியும்? மேலதிகாரியிடம் சொல்லலாம், சொன்னவன் தனியாள். அவனைப் போல் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லும் வாய் எதுவும் அன்று இல்லை.

2017 தீர்ப்பு வந்த காலத்தில் அயர்லாந்துப் படை வேறொரு வழியில் பேசிக்கொண்டிருந்தது. வீரர்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். நிரந்தரப் படைக்கு நிர்ணயித்த பலம் 9,500. அது 2022இல் 8,000க்குக் கீழே போய், மறு ஆண்டில் 7,500ஐ நெருங்கியது. கடற்படையில் இழப்பு இன்னும் கடுமை. 2019இல் கப்பற்படையின் முதன்மைக் கப்பலான எய்த்னேயும் ஓர்லா என்ற கப்பலும் ஆளில்லாமல் கட்டிவைக்கப்பட்டன. 2022 ஜூலையில் அவ்விரண்டோடு கியாரா என்ற கப்பலும் சேர்த்துப் பணியிலிருந்தே விலக்கப்பட்டன. சம்பளம் மட்டும் இதற்குக் காரணமில்லை. அயர்லாந்தின் தனியார் துறை செழித்திருந்தது. கப்பல் பொறியாளருக்கும் மின்னணுத் தொழில்நுட்பருக்கும் வெளியே இருமடங்கு ஈர்ப்பு இருந்தது. இருந்தாலும் ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒப்பந்த அறையில் குரல் இருந்ததுபோல் வீரர்களுக்கு இருந்ததில்லை என்பதை அந்தக் கப்பல்களின் வெறுமையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. இதே ஆண்டுகளில் படைவீரர்களின் மனைவிகளும் துணைவர்களும் புதிதாக ஓர் அமைப்புத் தொடங்கி, மறுபடியும் வீதிக்கு வந்திருந்தார்கள். 1988க்கும் இதற்கும் இடையில் இரண்டு சங்கங்கள் பிறந்து முப்பது ஆண்டு செயல்பட்டிருந்தன. அப்படியிருந்தும் குடும்பங்கள் திரும்ப வீதியில் நின்றன என்பதே அந்தச் சங்கங்களின் கைகள் எவ்வளவு கட்டப்பட்டிருந்தன என்பதற்குச் சாட்சி.

மெல்லத்தான் நகர்ந்தது அரசு. சமரச, நடுவர் திட்டத்தை ஆராய நியமிக்கப்பட்ட ஜெரார்ட் பாரி, 2018இல் வெளிவந்த தன் அறிக்கையில், பி.டி.ஃபோரா காங்கிரஸோடு எவ்வாறு இணையலாம் என்று அரசு பேசிப் பார்க்கலாம் என்றார். ராணுவக் கடமைக்கு இடையூறு வராதபடி என்ற எச்சரிக்கையோடு. 2022 பிப்ரவரியில் பாதுகாப்புப் படைகள் ஆணையம் இணை உறுப்பினர் தகுதிக்கு வழிவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த சைமன் கோவ்னி, அந்த ஆண்டின் ஊதியப் பேச்சுக்காக இரு சங்கங்களும் தற்காலிகமாகக் காங்கிரஸில் இணையச் சம்மதித்தார். சட்டத்தில் ஒரு வரி மாறாமலேயே, 1990 முதல் சட்டத்திலிருந்த அதே சம்மத அதிகாரத்தைக் கொண்டே, அது முடிந்தது. இத்தனை ஆண்டும் எந்த அமைச்சரும் இதைச் செய்திருக்கலாம்.

இதற்கிடையே படையின் மௌனம் வேறொரு திசையில் உடைந்தது. 2021இல் அயர்லாந்து வானொலியில் வந்த ஓர் ஆவண நிகழ்ச்சியில், ராணுவத்தில் பணியாற்றிய பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் வன்முறையையும் புகார் சொன்னபோது கிடைத்த பழிவாங்கலையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். இதை ஆராய அமைத்த சுதந்திர மறுஆய்வுக் குழு 2023இல் தந்த அறிக்கை படைக்குள்ளிருந்த நிலையைக் கடுமையாகச் சாடியது. வெளியிலிருந்து கண்காணிக்கும் அமைப்பு வேண்டும் என்றாயிற்று. 2024ஆம் ஆண்டின் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் அந்த அமைப்பைச் சட்டபூர்வமாக்கியது. அதே சட்டத்தின் இன்னொரு பகுதிதான் ராணுவச் சங்கங்கள் தொழிற்சங்கக் காங்கிரஸில் இணை உறுப்பினராகலாம் என்று விதி வகுத்தது. கீழே இருப்பவன் சொல்வதை மேலே இருப்பவர்கள் மட்டுமே கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஏற்பாடு பணிநிலையிலும் தோற்றது, மானத்திலும் தோற்றது என்ற ஒப்புதல் இரண்டு பகுதிகளுக்கும் அடியில் இருப்பதாக நான் வாசிக்கிறேன்.

ஒப்புதல் முழுமனதோடு வந்ததா என்பதில் ஐயம் இருக்கிறது. அந்த மசோதாவின் முதல் வடிவம், பணியிலுள்ளவர்கள் அரசியல் விஷயங்கள் பற்றியும் அரசின் கொள்கை பற்றியும் பொதுவெளியில் கருத்துச் சொல்வதைத் தடுக்கும் வாசகங்களைக் கொண்டிருந்தது. சம்பளமும் ஒரு கொள்கைதானே என்று ராக்கோவும் பி.டி.ஃபோராவும் கேட்டன. வாய்ப்பூட்டு என்றே அதை அழைத்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு அரசு திருத்தங்கள் கொண்டுவந்தது. இணைவுக்கும் நிபந்தனைகள் உண்டு: வேலைநிறுத்தமோ அதைப் போன்ற நடவடிக்கையோ கூடாது, கட்டளையும் கடமையும் காங்கிரஸின் எந்த முடிவுக்கும் மேலே நிற்கும். இவை தேவையான நிபந்தனைகள் என்பதை நான் மறுக்கவில்லை. அமைச்சரின் சம்மதத்தை நம்பி நின்ற உரிமை சட்டத்தின் வாசகத்தை நம்பி நிற்பதாக மாறியதே இதில் பெரிய மாற்றம். சம்மதம் அமைச்சரோடு மாறும். சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இந்தியச் சட்டத்தின் நினைவு வருவது இயல்பு. இந்திய ராணுவச் சட்டமும் பிரிட்டிஷ் மரபிலிருந்து வந்ததே. அரசியல்சாசனத்தின் 33ஆம் பிரிவு படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 21ஆம் பிரிவில், தொழிற்சங்கம், அரசியல் கூட்டம், பத்திரிகைத் தொடர்பு ஆகிய மூன்றையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. சங்க உரிமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம், 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும் அவை படையினர் விஷயத்தை ஒவ்வொரு நாட்டின் சட்டத்துக்கே விட்டுவிடுகின்றன. ஆவடியிலும் அருவங்காட்டிலும் ராணுவத் தளவாடங்கள் செய்யும் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. அந்தத் தளவாடத்தைத் தூக்கிச் செல்பவனுக்கு இல்லை. இந்தியாவில் இந்தக் கேள்வி இன்னும் முதல் படியிலேயே, சங்கம் என்பதே கூடுமா என்ற இடத்தில் நிற்கிறது. கூட்டமைப்பில் இணைவது பற்றிய பேச்சுக்கே அங்கு இடம் வரவில்லை.

அயர்லாந்தில் மிச்சமிருப்பவை சில. தனிப்பட்ட வீரன் தொழிற்சங்கத்தில் சேரும் தடை அப்படியே இருக்கிறது. 2017 தீர்ப்பும் அதை நீக்கச் சொல்லவில்லை. அந்தக் குழுவின் தீர்ப்புகளை நாடுகள் மதிக்க வேண்டும் என்றாலும் நீதிமன்ற ஆணையைப்போல் நிறைவேற்ற வைக்கும் கை அதற்கு இல்லை. தீர்ப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே ஏழு ஆண்டு ஓடியது அதனால்தான். எல்லாவற்றையும்விட, பழைய கேள்வி இன்னும் சோதனைக்கு வரவில்லை. அடுத்த முறை டப்ளினில் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்து, அரசு ராணுவ லாரிகளை அழைத்தால், காங்கிரஸில் இணைந்த சங்கத்தின் உறுப்பினர்கள் அந்த லாரிகளை ஓட்டுவார்கள். ஓட்டத்தான் வேண்டும், சட்டமும் நிபந்தனையும் அதைத்தான் சொல்கின்றன. மறியலில் நிற்கும் தொழிலாளியும் லாரியில் இருக்கும் வீரனும் ஒரே காங்கிரஸின் கூரைக்குக் கீழே வருபவர்கள். அந்த நாளில் காங்கிரஸ் தன் இணை உறுப்பினரிடம் என்ன சொல்லும், மற்ற சங்கங்கள் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை இரு தரப்பும் இப்போதே உட்கார்ந்து பேசி எழுதிவைக்க வேண்டும். அமைதியான ஆண்டுகளில்தான் அந்தப் பேச்சு நிதானமாக நடக்கும்.